கருக்கலைப்பு கொலையா? சட்டம் படிக்கிற ஒரு பிள்ளைக்குப் பதில்

வெள்ளவத்தையில் இருந்து, சட்டம் படிக்கிற ஒரு பிள்ளை கேட்டிருக்கிறார்: "அன்ரி, கருக்கலைப்பு கொலைதானா? வகுப்பில் அது பெண்ணின் உரிமை என்கிறார்கள். வீட்டில் கதை எடுத்தால் அம்மா 'சிவ சிவா, பாவம்' என்று எழும்பிப் போய்விடுகிறார். இரண்டும் சரி போலவும் இருக்கிறது, பிழை போலவும் இருக்கிறது. பிரசவ வாட்டில் 31 வருடம் நின்ற நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பிள்ளை, என் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு விளங்கப்படுத்துகிறேன். வயிற்றில் வளர்வது வெறும் சதை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அதைக் கலைப்பதில் ஒரு இழப்பு இருக்கிறது, சில நேரம் பிழையும் இருக்கிறது. ஆனால் அதற்காக ஒரு பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை என்னால் ஏற்க முடியாது. உங்கள் அம்மா சொல்வதும் வகுப்பில் சொல்வதும் ஒரே மனதில் சேர்ந்து இருக்கலாம். என் மனதில் அப்படித்தான் இருக்கிறது.

இந்த எண்ணம் புத்தகத்தால் வந்ததில்லை. நான் தாதியாகச் சேர்ந்து சில வருடங்களில், ஒரு ஜனவரி மாதம், மட்டக்குளிப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். மூன்று பிள்ளைகளின் தாய். புருஷன் துறைமுகத்தில் நாட்கூலி. மூன்று நாள் காய்ச்சல். கட்டிலுக்குக் கிட்டப் போகும்போதே மணத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அந்த மணத்தை ஒருமுறை அறிந்த தாதி பிறகு மறக்கமாட்டாள். "குளியலறையில விழுந்திட்டன் மிஸ்" என்று திருப்பித் திருப்பிச் சொன்னார். டொக்டர் அங்கால் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்: "பொலிஸ் வருமா மிஸ்?" மூன்று நாள் வீட்டில் கிடந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான். முதல் நாளே வந்திருந்தால் சுத்தம் செய்து, மருந்து ஏற்றி, வீட்டுக்கு அனுப்பியிருப்போம். வாட்டுக்கு வந்த இரண்டாம் நாள் விடியப்புறம் போய்விட்டார். உடைமைகளைக் கணக்கெடுத்தது நான். கைப்பைக்குள் பஸ் டிக்கெட், தேசிய அடையாள அட்டை, பிள்ளைகளின் கொப்பிகளுக்கு உறை போட வாங்கின பிரவுண் பேப்பர் சுருள். பள்ளிக்கூடம் தொடங்கும் வாரம் அது.

அவர் செய்தது சரியா பிழையா என்று என்னிடம் கேட்டால், சொல்லத் தெரியாது. அதற்கு அந்த மூன்று நாள் தண்டனை நியாயமா என்று கேட்டால் தெரியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம், நீங்கள் படிக்கிற விஷயம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வந்தது. அதன் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு அல்லாமல் கருவைக் கலைத்தால் 3 வருடம் வரை சிறை, அல்லது குற்றப்பணம், அல்லது இரண்டும். பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதற்குள் அடங்குவார் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. பெண்ணின் சம்மதமில்லாமல் கலைத்தால் அடுத்த பிரிவில் 20 வருடம் வரை.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கொலை என்ற சொல்லை அந்தச் சட்டமே பாவிக்கவில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் மரணத்துக்குக் காரணமாவது மனிதக்கொலை ஆகாது என்று அதே சட்டக்கோவை தனியாக எழுதி வைத்திருக்கிறது. மற்றது, பிள்ளை அசைவதற்கு முன்னும் பின்னும் ஒரே நிறை இல்லை என்று 140 வருடத்துக்கு முந்திய சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே "கொலைதானா" என்ற கேள்விக்குச் சட்டத்தின் பதில் "இல்லை, ஆனால் குற்றம்" என்பதுதான். இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரித்தானியா தன் நாட்டில் 1967இலேயே வழிவிட்டது. இந்தியா 1971இல் சட்டம் செய்தது, 2021இல் திருத்தி, குறிப்பிட்ட நிலைமைகளில் 24 வாரம் வரை நீட்டியது. நேபாளம் 2002இல் மாற்றியது. நாங்கள் இன்னும் அந்த 1883இல்தான் நிற்கிறோம். வன்புணர்வால் வந்த கருவுக்குக்கூட இங்கே விலக்கு இல்லை. சொந்த வீட்டு ஆணால் கெடுக்கப்பட்ட 13 வயதுப் பிள்ளைக்கும் இல்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது, வன்புணர்வு, இரத்த உறவில் வந்த கரு, பிறந்தும் பிழைக்க முடியாத குறைபாடு என்பவற்றுக்கு விலக்குக் கொடுக்கும் பிரிவும் முன்வைக்கப்பட்டது. பாராளுமன்றத்தில் எதிர்ப்பு வர, அந்தப் பிரிவை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை நிறைவேற்றினார்கள். 2017இல் அமைச்சரவை வரை போய் வன்புணர்வுக்கும் பிழைக்க முடியாத குறைபாட்டுக்கும் அனுமதி என்று ஒப்புதலும் கிடைத்தது. கத்தோலிக்க ஆயர் பேரவை கடுமையாக எதிர்த்தது. விஷயம் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது உங்கள் அம்மாவின் பக்கம். சமயத்தை ஒதுக்கிவிட்டு இதைக் கதைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கொழும்பில் ஒரு பிரசவ வாட்டுக்குள் நாலு சமயமும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கும். அந்தப் பெண்கள் முடிவெடுப்பது கடவுளை முன்னால் வைத்துக்கொண்டுதான்.

எங்கள் சமயம் தடுக்கிறது, ஆனால் ஒரே குரலில் இல்லை. கரு உண்டாகும்போதே உயிர் சேர்ந்துவிடுகிறது என்கிறது சரகரின் மருத்துவ நூல். ஏழாம் மாதத்தில்தான் சீவன் சேர்கிறது என்கிறது கர்ப்ப உபநிடதம். திருவாசகத்தின் போற்றித் திருவகவலை உங்கள் அம்மா பாடியிருப்பார். அதில் மாணிக்கவாசகர் வயிற்றுப் பிள்ளையின் மாதங்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்: முதல் மாதம் பிழைத்தும், இரண்டாம் மாதம் பிழைத்தும், ஈரிரு திங்களில் பேரிருள் பிழைத்தும் என்று பத்து மாதம் வரை. கரு மாதத்துக்கு மாதம் தப்பித் தப்பி வந்துதான் பிள்ளையாகிறது என்ற உண்மை அதில் இருக்கிறது. தெரியவந்த கர்ப்பங்களிலேயே பத்தில் ஒன்றுக்கு மேல் தானாகக் கலைந்துபோகிறது என்பது வாட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். கருவுக்கு நாளுக்கு நாள் நிறை கூடுகிறது என்ற என் எண்ணம் அந்தப் பாட்டில் இருந்து வந்தது என்றே சொல்வேன்.

இன்னொன்று புறநானூறு, 34ஆம் பாட்டு, ஆலத்தூர் கிழார் பாடியது. பசுவின் முலையை அறுத்தவர்க்கும், "மாணிழை மகளிர் கருச்சிதைத் தோர்க்கும்" கழுவாய், அதாவது பரிகாரம், உண்டு, செய்ந்நன்றி கொன்றவர்க்கு மட்டும் உய்வு இல்லை என்று வரும். கருவைச் சிதைப்பது பெரிய பாவம் என்று அந்தக் காலத்திலேயே வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே மூச்சில் கழுவாய் உண்டு என்கிறார்கள். அதோடு, பாட்டு சுட்டுவது பெண்ணின் கருவைச் சிதைத்தவரை. அந்தப் பெண்ணைக் கூண்டில் நிறுத்துகிற பேச்சு அதில் இல்லை. பாவத்தைப் பாவம் என்று சொல்லவும், மீள ஒரு வழியை விட்டுவைக்கவும் எங்கள் மரபுக்குத் தெரிந்திருந்தது. "தமிழ்ப் பண்பாடு" என்று சொல்லி 303ஆம் பிரிவைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் இந்தப் பாட்டை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

இஸ்லாத்தில் 120 நாளில் ரூஹ், அதாவது ஆன்மா, ஊதப்படுகிறது என்ற ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. அதற்கு முன்பு கலைக்கலாமா என்பதில் மத்ஹபுகள் எனும் சட்ட மரபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குப் பிறகு தாயின் உயிருக்கு ஆபத்து என்றால்தான். பௌத்தத்தில் பிக்கு ஒருவர் கருவைக் கலைக்கச் செய்தால் சங்கத்தை விட்டே விலக்கப்படுவார், பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்தில் அது உயிர்க்கொலைக்குள் அடங்கும். கத்தோலிக்கத் திருச்சபை கருவான கணத்திலிருந்தே மனித உயிர் என்கிறது. ஆனால் புனித தோமா அக்குவினாஸ் போன்றவர்கள் மனித ஆன்மா சில வாரங்கள் கழித்தே வருகிறது என்று நினைத்தவர்கள். தண்டனையில் அந்த வேறுபாட்டை பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் 1869இல்தான் முற்றாக எடுத்தார். அதற்காக முன்பு அனுமதித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள், எக்காலத்திலும் பாவம் என்றே சொன்னார்கள். எவ்வளவு பாவம் என்பதில்தான் மாற்றம்.

வகுப்பில் நீங்கள் படிக்கும் தத்துவக்காரருக்கு வருவோம். ஓய்வுக்கு முந்திய சில வருடங்கள் தாதிய மாணவிகளுக்கு ஒழுக்கவியல் எடுத்தபோது நானும் அவர்களை வாசித்தேன். 1971இல் ஜூடித் ஜார்விஸ் தொம்சன் ஒரு கதை சொன்னார். காலையில் கண் விழித்தால், பெயர்பெற்ற ஒரு வயலின் கலைஞரை உங்கள் உடம்போடு குழாய் போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். அவருடைய சிறுநீரகம் பழுது. ஒன்பது மாதம் இப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். அவருக்கு வாழும் உரிமை முழுதாக உண்டு, ஆனாலும் உங்கள் உடம்பைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டா? என் மாணவிகளுக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. நான் நாரஹேன்பிட்டி இரத்த வங்கியைச் சொன்னேன். உங்கள் சொந்தப் பிள்ளை இரத்தம் இல்லாமல் சாகக் கிடக்கிறது, உங்கள் இரத்தம் மட்டும்தான் பொருந்தும். கொடுக்காவிட்டால் ஊர் காறித் துப்பும், துப்பத்தான் வேண்டும். ஆனால் பொலிஸ் வந்து உங்களைக் கட்டிலில் கட்டி ஒரு பைந்து இரத்தம் எடுக்க இந்த நாட்டில் சட்டம் இல்லை. கடமை இருக்கிறது, கட்டாயம் இல்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது.

ஆனால் ஒரு மாணவி கையை உயர்த்தினாள், சிலாபத்துப் பிள்ளை, நல்ல கெட்டிக்காரி. "மிஸ், இரத்தம் கொடுக்காமல் விடுவது வேறு. கலைப்பது நாங்களே கையால் செய்வது. இரண்டும் ஒன்றா?" ஒன்றில்லை. அந்த இடத்தில் தொம்சனின் கதை தடுமாறுகிறது என்று நான் இன்றும் நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் எனக்குப் பலமாகப் பட்டது 1989இல் டொன் மார்க்விஸ் எழுதியது. அவர் சமயத்தையே இழுக்கவில்லை. கொலை ஏன் பிழை? ஒருவருக்கு வரவிருந்த காலம் முழுவதையும், அதில் இருந்திருக்கக்கூடிய எல்லா நல்லதையும் பறிக்கிறது. கருவுக்கும் அப்படி ஒரு காலம் முன்னால் இருக்கிறது. ஆகவே அதைப் பறிப்பதும் அதே அளவு பிழை என்கிறார். இதற்கு எதிராக எழுதியவர்கள் நிறையப் பேர். ஆனாலும் 18, 20 வாரத்தில் தானாக விழுந்த பிள்ளையைக் கிட்னி ட்ரேயில் ஏந்தி, விரல் நகத்தின் தடத்தைப் பார்த்த யாரும் அந்த வாதத்தை இலேசாகத் தள்ளமாட்டார்கள். எட்டு வாரத்துக் கருவையும் 20 வாரத்துப் பிள்ளையையும் ஒரே சொல்லால் அழைப்பது இரண்டு பக்கத்தாரும் விடுகிற பிழை.

இரண்டு தாய்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவருக்கும் ஒரே நோய்நிலை, சில வருட இடைவெளியில். 20 வார ஸ்கேனில் பிள்ளைக்கு மண்டையோடும் மூளையின் மேற்பாகமும் வளரவில்லை என்று தெரியவந்தது. பிறந்தால் சில மணித்தியாலம், மிஞ்சினால் சில நாள். சிகிச்சை எதுவும் கிடையாது.

முதலாமவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண். "ஆண்டவர் தந்தது, அவர் கேட்கும் வரைக்கும் நான் வைத்திருப்பேன்" என்றார். சுமந்தார், பெற்றார். சுவாமியார் வந்து சேரவில்லை, பிள்ளை நீலம் பாய்கிறது. ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அவர்கள் சட்டம், கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. "மிஸ், நீங்கள் ஊற்றுங்கள்" என்றார். நான் திருநீறு பூசுகிற ஆள். ஸ்டீல் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, அவர் சொல்லித்தந்த வசனத்தைச் சொல்லி, தொப்பி போட்ட அந்தச் சின்னத் தலையில் மூன்று தரம் ஊற்றினேன். நாற்பது நிமிடம் அளவில் இருந்தது. தாயின் நெஞ்சில் வைத்தே போனது. அவர் செய்ததை நான் வணங்குகிறேன்.

இரண்டாமவர் பம்பலப்பிட்டியில் வாடகைக்கு இருந்த சைவப் பிள்ளை. முதல் பிள்ளை. "மிஸ், இதை எடுத்துவிட ஏலாதா? சாகப்போகிறது என்று தெரிந்துகொண்டே எப்படி நான் வளர்ப்பது?" என்று கேட்டார். அவர் உயிருக்கு ஆபத்து இல்லை, ஆகவே சட்டம் இடம் கொடுக்கவில்லை. சென்னைக்குப் போகக் காசும் இல்லை. இன்னும் நாலு மாதத்துக்கு மேல் சுமந்தார். பஸ்ஸில் இடம் விட்டுக்கொடுக்கிறவர்கள் "எத்தனை மாதம், ஆம்பிளைப் பிள்ளையா பொம்பிளைப் பிள்ளையா" என்று கேட்பார்களாம். வளைகாப்பு ஏன் வைக்கவில்லை என்று மாமியார் வீட்டில் கேள்வியாம். கிளினிக் வாங்கில் கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, ஒருவரையும் பார்க்காமல் இருப்பார். ஒருநாள் என்னிடம், "உதைக்குது மிஸ். உதைக்கிற நேரமெல்லாம் நான் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றார். பிள்ளை பிறந்தபோது பார்க்க மாட்டேன் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலாமவருக்கு அது வழிபாடு. இரண்டாமவருக்கு அது சித்திரவதை. ஒரே செயல்தான். வித்தியாசம், ஒருவர் தானாக ஏற்றார், மற்றவர் மேல் ஏற்றப்பட்டது. சட்டத்துக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2017 முன்மொழிவு நிறைவேறியிருந்தால் முதலாமவரின் கிண்ணத்தையும் தண்ணீரையும் யாரும் பறித்திருக்கமாட்டார்கள்.

அயர்லாந்தில் சவிதா ஹலப்பனவர் 2012 ஒக்டோபரில் இறந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். கர்நாடகத்துப் பெண், பல் டொக்டர், 17 வாரக் கர்ப்பம் கலையத் தொடங்கிவிட்டது, பிள்ளை பிழைக்காது என்று தெரிந்தும் இதயம் துடிக்கிறது என்று தாமதித்தார்கள், நச்சுத் தொற்றில் போனார். ஆறு வருடத்தில், 2018 மே 25 வாக்கெடுப்பில், கத்தோலிக்க நாடான அயர்லாந்தே 66 சதவீதத்துக்கு மேல் வாக்களித்து அந்த அரசியலமைப்புத் தடையை நீக்கியது. மற்றப்பக்கமும் சொல்கிறேன், அமெரிக்காவில் கருக்கலைப்பு உரிமைக்கு 1973 தொடக்கம் இருந்த பாதுகாப்பை 2022இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டது. உலகம் ஒரே திசையில் போகிறது என்று யாரும் உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம்.

இங்கே கலைக்கிறவர்கள் யார்? "கெட்டுப்போன பெட்டைகள்" என்று நினைக்கிறார்கள். இலங்கையில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது, பெரும்பாலானவர்கள் திருமணமான, ஏற்கெனவே பிள்ளை உள்ள பெண்கள். என் மட்டக்குளிப் பெண் மாதிரி. நாட்டில் நாளொன்றுக்கு 650 அளவில் நடக்கிறது என்ற மதிப்பீடு பல காலமாகச் சொல்லப்படுகிறது. களவாக நடப்பதைச் சரியாக எண்ண முடியாது, ஆனால் சட்டம் நிறுத்தவில்லை என்பதற்கு எண்ணிக்கை தேவையில்லை. கொஞ்சம் வசதியானவர் விமானம் ஏறுகிறார், இல்லையென்றால் தெரிந்த டொக்டரிடம் வேறு பெயரில் செய்துகொள்கிறார். சட்டம் போய்ப் பிடிப்பது தோட்டத்து வீடுகளில் இருப்பவரையும், மலையகத்தில் இருந்து வந்து கொழும்பு மாடிவீடுகளில் வேலைக்கு நிற்கும் பிள்ளைகளையும்தான்.

ஆண்பிள்ளை வேண்டும் என்பதற்காகக் கலைப்பதை நான் எந்த வாரத்திலும் நியாயப்படுத்தமாட்டேன்; நல்லகாலம், அந்த வருத்தம் இந்தியாவைப் போல இங்கே பிறப்புக் கணக்கைச் சாய்க்கவில்லை. டவுண் நோய்க்குறி உள்ள பிள்ளை என்று தெரிந்து கலைப்பதும் எனக்கு நெஞ்சில் முள். அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்ந்து கடைக்குப் போய்ப் பாண் வாங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தத் தாயிடம் "பெற்றுக்கொள்" என்று சொல்கிற ஊர், பிறந்த பிறகு அந்தப் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூட வாங்காவது தருகிறதா என்று கேட்காமல் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

ஆகவே, சட்டம் எப்படி இருக்கவேண்டும் என்றால், வன்புணர்வுக்கும், இரத்த உறவில் வந்த கருவுக்கும், பிழைக்க முடியாத பிள்ளைக்கும் உடனே விலக்கு வேண்டும். முதல் 12 வாரத்தில் முடிவைப் பெண்ணிடமும் டொக்டரிடமும் விட்டுவிடலாம். பிள்ளை வெளியே பிழைக்கக்கூடிய கட்டத்துக்குப் பிறகு, தாயின் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து வந்தால் ஒழியக் கூடாது. நடுவில் உள்ள வாரங்களில் எனக்கே தடுமாற்றம் உண்டு, அதை மறைக்கவில்லை. எந்த வாரமானாலும் பெண்ணுக்குச் சிறை வேண்டாம். அம்மாவிடம் இதைச் சொல்லும்போது, "பாவமில்லை" என்று தொடங்காதீர்கள். புறநானூற்றுப் பாட்டில் இருந்து தொடங்குங்கள்.

கடைசியாக ஒன்று. கேள்வியில் இல்லை, ஆனால் உங்கள் வயதுப் பிள்ளைகள் யாராவது உங்களிடம் வருவார்கள், சட்டம் படிக்கிறவள் என்று. பாதுகாப்பில்லாமல் சேர்ந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் பார்மசியில் போஸ்டினோர் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை கிடைக்கும், எவ்வளவு கெதியாகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஐந்து நாளுக்குள் என்றால் கருப்பைக்குள் வைக்கும் செம்பு லூப் போடலாம். இரண்டும் கருக்கலைப்பு இல்லை. யாராவது ஏற்கெனவே கருவைக் கலைக்கிற மாத்திரை போட்டுவிட்டு, மணித்தியாலத்துக்கு இரண்டு பேட் நனையும் அளவுக்கு இரத்தம் போனால், காய்ச்சலும் குளிரும் வந்தால், கெட்ட மணத்தோடு கசிவு இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். கலைந்த பிறகு வருகிறவருக்கு வைத்தியம் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. என்ன மருந்து, எப்போது போட்டது என்று டொக்டரிடம் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். தனியே போகப் பயந்தால் நீங்கள் கூடப் போங்கள். இரவென்றாலும் த்ரீவீல் பிடித்துப் போங்கள், விடியட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.